கின்னட் ஆடி துரையை விரட்டியவர்

வெள்ளவத்தைச் சந்தையில் அறக்குளா மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றேன். எங்களோடு படிப்பிக்கும் தையல் டீச்சர் ஓடிவந்து கையைப் பிடித்தார். "ராசம், உமக்கு இன்னும் தெரியாதா? பிலோமினா டீச்சர் மோசம் போயிட்டா." அழுகைக்கு முன் எனக்குக் கோபம்தான் வந்தது. வெள்ளிக்கிழமை வரைக்கும் ஆசிரியர் அறையில் என்னோடு வாயடித்த மனுஷி! அப்படியே கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன். செத்தவீட்டு வாசலில்தான் கையில் மீன் பை இருப்பது தெரிந்தது. பிலோமினா கண்டிருந்தால் ஒரு மாதத்துக்கு என்னைச் சும்மா விட்டிருக்கமாட்டார்.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய குடையையும் தெரிந்திருக்கும். கொள்ளுப்பிட்டியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டபோது, மற்றவர்கள் பீங்கானுக்கும் கதிரைக்கும் அடிபட, இவர் கொட்டாஞ்சேனையின் பழைய வரைபடம் ஒன்றை வாங்கிவந்தார். அதைச் சுருட்டிக் குடைக்குள் செருகிக்கொண்டு சனிக்கிழமைகளில் தெருவும் ஒழுங்கையுமாக நடப்பார். எந்த வீடு அப்போது தோட்டமாக இருந்தது, எந்தக் கோயிலுக்குப் பின்னால் குளம் இருந்தது என்று தேடுவார். கூட இழுபடுகிறவள் நான். "ஊர் எங்கட, ராசம். படம்தான் அவங்கட" என்பார்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு பொலிஸ்காரர் எங்களை மறித்தார். வரைபடத்தைக் கண்டதும் உளவு என்றார். நான் டீச்சரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். பிலோமினாவோ சிங்களத்தில், "ராலஹாமி, இந்தப் படத்தை நம்பி ஜப்பான்காரன் வந்தா நேரே சதுப்புக்குள்ளதான் விழுவான். ஒரு பிரதி அனுப்பிவிடட்டா?" என்று கேட்டார். பொலிஸ்காரர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெரு முனை தாண்டியதும் எனக்கு ஏச்சு விழுந்தது. "நீர் ஏன் ஒளிக்கிறீர்? எங்கட தெருவில நடக்கிறதுக்கு யாரிட்டக் கேக்கிறது?"

பிறகு கிணற்று வழக்கு வந்தது. துறைமுகத் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த அவருடைய ஒழுங்கைக்கு இருப்பது ஒரே கிணறு. பக்கத்துக் காணியை வாங்கிய முதலாளி, கிணற்றுக்குப் போகும் பாதையில் கேற் போட்டுப் பூட்டிவிட்டார். சனம் வழக்குப் போட்டது. புதுக்கடை நீதிமன்றத்தில் முதலாளிக்காக வாதாடிய அப்புக்காத்து அதே வரைபடத்தின் இன்னொரு பிரதியை விரித்தார். பாதையின் மேல் இங்கிலீஷில் 'கின்னட் ஆடி' என்று எழுதியிருந்தது. இது கின்னட் ஆடி என்ற துரையின் சொந்தப் பாதை, ஊருக்கு இதில் உரிமையில்லை என்று அடித்துச் சொன்னார்.

பிலோமினா சாட்சிக் கூண்டில் ஏறித் தமிழில் பேசத் தொடங்கினார். இங்கிலீஷ் படிப்பிக்கிறவர் ஏன் தமிழில் பேசுகிறார் என்று நீதிபதி கேட்டார்.

"தமிழ்ச் சொல்லைத் தமிழிலதான் சொல்லலாம், ஐயா. அது துரை இல்ல, கிணத்தடி! அளக்க வந்த வெள்ளைக்காரன் இது என்ன இடம் எண்டு கேட்டிருப்பான். எங்கட சனம் கிணத்தடி எண்டிருக்கும். காதில விழுந்தபடி எழுதிட்டான்."

மன்றமே கொல்லென்று சிரித்தது. அப்படியொரு துரை இருக்கவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று அப்புக்காத்து சீறினார்.

"துரைக்குப் பாதை இருக்கு, வீடு எங்க? பேருக்குப் பக்கத்தில கிணத்துக்குப் போடுற சின்ன வட்டம் ஒண்டுதான் கீறியிருக்கு. அவர் அதுக்குள்ளயா குடியிருந்தவர்?"

கேற் கழன்றது. அன்றுமுதல் ஒழுங்கையில் அந்தக் கிணற்றுக்குத் துரை என்றே பேர். "துரையிட்டப் போய் ரெண்டு வாளி அள்ளிக்கொண்டு வா" என்பார்கள். பிலோமினாவைக் கடைசியாகக் குளிப்பாட்டியதும் துரையின் தண்ணீரில்தான்.

அடக்கம் முடிந்து திரும்பினால், பாதைக்குக் குறுக்கே சங்கிலி, அதில் புதுப் பூட்டு! டீச்சரோடு தீர்ப்பையும் புதைத்துவிட்டோம் என்று முதலாளி நினைத்தாராக்கும். பிலோமினாவின் தம்பி உள்ளே போய்க் குடையையும் படத்தையும் எடுத்துவந்து என் கையில் தந்தார். அந்த இரண்டும் இப்போது என்னிடம்தான் இருக்கின்றன. மூன்றாவதாக அவருடைய வாயையும் நானே எடுத்துக்கொண்டேன்.

சங்கிலிக்கு அந்தப் பக்கம் நின்ற முதலாளியின் ஆள், "நீங்க யார்?" என்றான்.

"கின்னட் ஆடி துரையின்ட சொந்தக்காரி. பூட்டைத் திற."

என் பின்னால் ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் வெறும் வாளிகளோடு வந்து நின்றார்கள். அவன் எங்களைப் பார்த்தான், வாளிகளைப் பார்த்தான், பூட்டைத் திறந்தான். உள்ளே போனோம். துரை வீட்டில்தான் இருந்தார்.