எண்பத்து நான்காம் நிமிடத்துக் கொடி

என் அக்கா கால்பந்து மைதானத்தில் கோட்டோரம் ஓடிக் கொடி பிடிக்கும் துணை நடுவர். வாரத்தில் ஆறு நாள் ஆடைத் தொழிற்சாலையில் துணியில் ஓட்டை தேடுகிறவள், ஏழாம் நாள் ஆட்டத்தில் ஓட்டை தேடக் கிளம்பிவிடுகிறாள் என்பார் மாமா. மாமா என்றால் அவள் வீட்டுக்காரர். போன பருவத்து அரையிறுதியில் அவள் தூக்கிய ஒரு கொடிக்காக ஊரே அவளைக் கைபேசியில் போட்டு வறுத்தெடுத்தது. நடந்ததை ஆளுக்கொரு தினுசாகச் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். கூடவே இருந்து பார்த்தவன் நான். நாலு பக்கம் எழுதக் கற்றவனும் எங்கள் வம்சத்தில் முதலில் நான்தான். அதனால் என் பங்கை எழுதிவைக்கிறேன்.

கிராமத்தில் பத்தாம் வகுப்போடு அவளை நிறுத்தினார்கள். அவளாக நிற்கவில்லை. நான் பொறியியல் படித்த நான்கு வருடமும் அவள் வீட்டு முன்னறையில்தான் படுத்தேன். இன்று நில அளவை செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை. இன்னும் அதே முன்னறைதான்.

அவள் வேலையைச் சொல்ல வேண்டும். சாய்த்துவைத்த கண்ணாடிப் பலகை, அடியில் குழல் விளக்குகள், மேலே ஓடிக்கொண்டே இருக்கும் துணி. அதில் ஒரு நூல் விட்டுப்போயிருந்தாலும், மிளகளவு எண்ணெய்க் கறை இருந்தாலும், ஓரத்தில் சிவப்பு ஒட்டி ஒட்ட வேண்டும். இமைக்கிற நேரத்தில் ஓட்டை கடந்துவிடும். பதினோரு வருடம் அப்படிப் பார்த்த கண். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா தன் பட்டறை அணிக்காக ஆடும்போது அக்கா ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பாள். துணை நடுவர் கொடியைத் தூக்குவதற்கு முன்பே அவள் வாயிலிருந்து “ஆஃப்சைடு” என்று வந்துவிடும். ஒருநாள் கொடி பிடிக்க ஆள் வரவில்லை. வாயால் பிடிப்பதைக் கையால் பிடியேன் என்று நடுவர் கொடியை நீட்டினார். வாங்கினாள். பிறகு தேர்வெழுதினாள், ஓட்டப் பரிசோதனையில் ஆண்கள் நான்கு பேரைப் பின்னால் விட்டாள், லீக்கின் நடுவர் அட்டை வாங்கினாள். கொடிக்காரி என்று பரிகாசமாகக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்த்ததால் அதுவே பெயராகிவிட்டது.

இனி அந்த ஆட்டம். பேருந்துப் பணிமனை அணிக்கும் அச்சகத் தொழிலாளர் அணிக்கும் அரையிறுதி. இருபதாம் நிமிடம் ஒரு கார்னர் உதையிலிருந்து பணிமனை முதல் கோல் போட்டது. அச்சகம் இரண்டைத் திருப்பிப் போட்டது. இடைவேளையில் துணை நடுவர்கள் பக்கம் மாறிக்கொள்வது எங்கள் லீக் வழக்கம், அதனால் இரண்டு பாதியிலும் பணிமனை கோல் தேடிய பக்கம் அக்காதான். எண்பத்து நான்காம் நிமிடம் பணிமனையின் முன்கள ஆட்டக்காரர் பந்தை வாங்கி வலைக்குள் தள்ளினார். இரண்டுக்கு இரண்டு என்று கூட்டம் எழுந்தது. அக்காவின் கொடி மேலே. பந்து உதைபட்ட கணத்தில் அவர் எதிரணியின் கடைசித் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி கோல் பக்கம் நின்றார் என்பது அவள் தீர்ப்பு. நடுவர் கோலை ரத்து செய்தார். பணிமனை தோற்றது.

மைதானத்தை ஒட்டிய கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து பணிமனை ரசிகர் ஒருவர் படம் பிடித்திருந்தார். மாலைக்குள் பன்னிரண்டு விநாடித் துண்டு ஒன்று ஊர் முழுக்கப் பரவியது. அதில் தடுப்பாட்டக்காரரின் கால், கோலுக்கு முன்னால் சுண்ணாம்பில் போடும் பெனால்டி பாக்ஸ் கோட்டின் மேல் இருக்கிறது. முன்கள ஆட்டக்காரரோ அதே கோட்டுக்கு அரை அடி வெளியே. இரண்டு கால்களுக்கும் சிவப்பு வட்டம். கோட்டுக்கு வெளியே இருப்பவன் கோட்டின் மேல் இருப்பவனைத் தாண்டி நிற்பது எப்படி? குழந்தைக்கும் புரியும் கேள்வி. கீழே, கொடிக்காரிக்கு யாராவது கண்ணாடி வாங்கிக் கொடுங்கள் என்று எழுதியிருந்தது. நடுவர் கைபேசியை அணைத்துவிட்டு மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார்.

லீக் செயலாளர் தொழிலால் கண்ணாடிக் கடைக்காரர். என் கடையில் இலவசமாகவே பார்க்கிறேன் என்று லீக்கின் வாட்ஸ்அப் குழுவில் அவரும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார். அது வம்பாகப் போகும் என்று அவர் நினைக்கவில்லை. மறுநாள் வேலை முடிந்ததும் அக்கா நேராக அவர் கடைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, பார்க்கச் சொன்னாள். பலகையின் கடைசி வரியைப் படித்தாள். அதற்கும் கீழே அச்சிட்ட கம்பெனியின் முகவரியையும் படித்தாள். அதைக் கடைத் தாளில் எழுதி முத்திரை குத்தித் தரும்படி கேட்டாள். வேறு வழியில்லாமல் தந்தார்.

தந்த கையோடு இன்னொரு தாளையும் நீட்டினார். தட்டச்சு செய்த மன்னிப்புக் கடிதம். எண்பத்து நான்காம் நிமிடம் தவறாகக் கொடி தூக்கியதற்கு வருந்துகிறேன், இப்படிக்கு என்று கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. போட்டால் பணிமனைக்காரர்கள் சமாதானம் ஆவார்கள், இறுதி ஆட்டத்திலும் அவளே கொடி பிடிக்கலாம். போடாவிட்டால் இறுதி ஆட்டம் இல்லை, அட்டையும் புதுப்பிக்கப்படாது. சனிக்கிழமை செயற்குழு கூடுகிறது, அதுவரை அவகாசம்.

“ஒரு கையெழுத்துதானேம்மா. போட்டா எல்லாருக்கும் நிம்மதி,” என்றாராம்.

“எல்லாருக்கும்னா யாருக்கு சார்? எனக்கு இல்லையே,” என்று வந்துவிட்டாள்.

எனக்குக் கொதித்தது. அந்த வீடியோவே பொய், கூட்டத்தில் அதைப் போடவே விடக் கூடாது என்றேன். அக்கா சோற்றைப் பிசைந்தபடி, வீடியோ என்ன பாவம் பண்ணியது என்று கேட்டாள். பன்னிரண்டு விநாடி பார்த்துவிட்டு ஊர் பேசுகிறது, நான் தொண்ணூறு நிமிடத்தையும் பார்க்கிறேன் என்றாள். செவ்வாயன்று படம் எடுத்தவரைத் தேடிப் போனாள். பணிமனையில் டயர் மாற்றுகிறவர். சண்டைக்கு வருகிறாள் என்று பயந்தவர், முழுப் படமும் வேண்டும் என்றதும் குளிர்ந்துபோய், இவ்வளவு தெளிவாக யாரும் எடுத்ததில்லை என்று பெருமை பேசி, மெமரி கார்டையே கழற்றிக் கொடுத்துவிட்டார்.

சமையலறை மேசையில் என் மடிக்கணினியை வைத்துப் பார்த்தோம். எண்பத்து நான்காம் நிமிடத்தை முப்பது முறை ஓட்டியிருப்போம். அக்காவுக்குக் குழப்பம். நான் தடுப்பாட்டக்காரருக்கு நேராக நின்றேன், என் கண் பொய் சொல்லாது, இந்தக் கோடு எப்படி வேறு மாதிரி சொல்கிறது என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் எல்லோரும் ஆட்களைச் சந்தேகித்தோம், கோட்டை ஒருத்தரும் சந்தேகிக்கவில்லை.

புதன் காலை வேலைக்குப் போகும் முன் அளவு நாடாவோடு மைதானத்தில் இறங்கினேன். சுண்ணாம்புக் கோடு கலையாமல் இருந்தது. கோல் கோட்டிலிருந்து பாக்ஸ் கோடு ஐம்பத்து நான்கு அடியில் இருக்க வேண்டும். தடுப்பாட்டக்காரர் நின்ற முனையில் ஐம்பத்து நான்கு. முன்கள ஆட்டக்காரர் நின்ற முனையில் ஐம்பத்தொன்றரை. இரண்டரை அடி கோணல். மைதானக்காரரைக் கேட்டேன். அந்த முனையில் சாக்கடை மூடியின் கான்கிரீட் இருக்கிறது, ஆணி இறங்காது, அதனால் கொஞ்சம் உள்ளே தள்ளி அடித்துக் கயிறு கட்டுகிறேன், மூன்று வருடமாக அப்படித்தான் என்றார். கயிறு நேராக இருந்ததா என்று மட்டும் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கயிறு நேராகத்தான் இருந்தது. கோணலான இடத்திலிருந்து கோணலான இடத்துக்கு நேராக.

அரை அடி வெளியே நின்றவர், கணக்குப்படி இரண்டு அடி கோல் பக்கம் நின்றிருக்கிறார். கொடி சரி. நான் வீட்டுக்கு வந்து குதித்தேன். மாமா, உன் படிப்புக்கு இன்றைக்குத்தான் வேலை வந்தது என்று முதுகில் அடித்தார்.

அக்கா குதிக்கவில்லை. அன்று மாலை மீதிப் படத்தையும் முதலிலிருந்து பார்க்க உட்கார்ந்தாள். ஜெயித்தாகிவிட்டது, இனி எதற்கு என்றேன். பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபதாம் நிமிடத்தில் நிறுத்தச் சொன்னாள். பின்னால் போகச் சொன்னாள். மறுபடி. பந்து பணிமனைக்காரரின் முழங்காலில் பட்டுத்தான் வெளியே போகிறது. தாக்குகிற அணியே கடைசியாகத் தொட்டால் கார்னர் கிடையாது, அச்சகத்துக்கு கோல் கிக் போயிருக்க வேண்டியது. அவள் கொடி கார்னர் மூலையைக் காட்டுகிறது. அந்தக் கார்னரிலிருந்துதான் பணிமனையின் ஒரே கோல்.

“இது நான் பண்ண தப்பு,” என்றாள்.

எனக்கு உள்ளுக்குள் குஷி. கோலைத் திருடிவிட்டாள் என்று கூவுகிறவர்களுக்கு அவள் ஒரு கோலைத் தானமாகக் கொடுத்திருக்கிறாள்! கூட்டத்தில் தூக்கிப் போட்டால் வாயடைத்துப் போவார்கள் என்றேன். அவள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். கோலில் முடிந்த பிழையை எழுத்தில் ஒப்புக்கொள்ளும் நடுவர் அடுத்த ஒரு ஆட்டம் ஓய்வில் இருக்க வேண்டும் என்பது லீக் விதி. அடுத்த ஆட்டம் இறுதி ஆட்டம்.

“அக்கா, இத யாருமே கேக்கல. நீயா போய் ஏன் தலைய குடுக்குற?”

“யாரும் கேக்கல, சரி. நான் பாத்துட்டேனே.”

“ஃபைனல் போயிடும்.”

“போகட்டும். பண்ணாத தப்புக்கு கையெழுத்து போட மாட்டேன்னு மல்லுக்கு நிக்கிறேன். பண்ண தப்புக்கும் போட மாட்டேன்னா, அப்புறம் எனக்கும் அந்த டைப் அடிச்ச தாளுக்கும் என்னடா வித்தியாசம்?”

மடிக்கணினியை மூடினேன். இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவும் இல்லை.

சனிக்கிழமை செயற்குழு, மைதானத்துக்கு எதிரே டயர் கடைக்கு மேல் உள்ள அறையில் கூடியது. செயலாளர், உறுப்பினர்கள் இருவர், பணிமனை அணியின் கேப்டன். நான் அளவுத் தாளை நீட்டினேன். படித்த தம்பி எதையாவது வரைந்துகொண்டு வருவார், ஊர் வீடியோவைத்தான் நம்பும் என்று செயலாளர் அதை ஓரமாக வைத்தார். அக்கா எழுந்தாள். தாளை நம்ப வேண்டாம், கீழே வாருங்கள் என்றாள். எல்லோரையும் படியிறங்க வைத்து, சாலையைக் கடக்க வைத்து, நாடாவின் நுனியைப் பணிமனைக் கேப்டன் கையிலேயே கொடுத்தாள். அவர் குனிந்து படித்தார். ஐம்பத்தொன்றரை. நாடாவை உதறி மறுபடி பிடித்தார். ஐம்பத்தொன்றரை.

“மூணு வருஷமா இந்த கோட்ட நம்பித்தான் ஃப்ரீ கிக் அடிச்சிட்டு இருக்கேன்,” என்றார் கேப்டன் சோகமாக. அச்சகக்காரர்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

செயலாளர் சட்டென்று கட்சி மாறினார். பார்த்தீர்களா, இந்த வீடியோவே வேண்டாத வேலை, இனி மைதானத்தில் கைபேசியே கூடாது என்று தீர்மானம் போட்டுவிடலாம் என்றார். நான்கூட தலையாட்டியிருப்பேன். அக்கா விடவில்லை.

“வீடியோ வேணும் சார். எங்க மெஷின்ல இப்ப கேமரா மாட்டியிருக்காங்க. ஓட்டை இருந்தா துணிய நிறுத்தும். சில நேரம் தூசியப் பாத்தும் நிறுத்தும். ஓட்டையா தூசியான்னு நான் பாத்து சொல்லணும். நான் தவற விட்டத அது புடிச்சிருக்கு, அது உளறினத நான் திருத்தியிருக்கேன். ஆனா அது துணிய வெட்டுறதுக்கு முன்னாடி நிறுத்துது. சட்டையா தைச்சு ஒருத்தன் போட்டுட்டு நடக்குறப்ப ஓட்டைய காட்டினா அது உதவியா? கேமராவ கோட்டுக்கு நேரா வைங்க. ஆட்டம் நடக்குறப்பவே நடுவர்கிட்ட காட்டுங்க. என் பக்கத்துல நிக்கட்டும். மாடியில நின்னுகிட்டு, ஆட்டம் முடிஞ்சப்புறம் கை நீட்டக் கூடாது.”

அவள் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தாள். ஒன்று கையெழுத்தில்லாத மன்னிப்புக் கடிதம். அதைச் செயலாளர் கையில் திருப்பிக் கொடுத்தாள். மற்றது அவளே எழுதியது. இருபதாம் நிமிடம் நான் காட்டிய கார்னர் தவறு, அதிலிருந்து கோல் விழுந்தது, பந்து கடைசியாகப் பட்டது பணிமனைக்காரர் முழங்காலில், நான் பார்க்கவில்லை. கீழே கையெழுத்து. கேப்டன் எட்டிப் பார்த்துவிட்டுப் பதறினார்.

“அக்கா, அத விடுங்க. அது ஒண்ணுதான் எங்க கோல்.”

“கோல் உங்களுக்கே இருக்கட்டும். தப்பு மட்டும் எனக்கு.”

இதை யார் கேட்டார்கள், ஏற்றுக்கொண்டால் உன்னை உட்கார வைக்க வேண்டுமே என்று செயலாளர் தடுமாறினார். விதி அப்படித்தானே, வையுங்கள் என்றாள். வைத்தார்கள். எண்பத்து நான்காம் நிமிடக் கொடி சரி என்று அறிக்கை ஒட்டினார்கள். பன்னிரண்டு விநாடித் துண்டைப் பார்த்தவர்களில் பத்தில் ஒருவர்கூட அதைப் படித்திருக்க மாட்டார். இறுதி ஆட்டத்தில் வேறொருவர் கொடி பிடித்தார். அக்கா வரவே மாட்டாள் என்று பந்தயம் கட்டியவர்கள் உண்டு. அவள் தலைவாரி, சலவைச் சட்டை போட்டு, நடுவர்களுக்கென்று ஒதுக்கிய வரிசையில் முதல் நாற்காலியில் தொண்ணூறு நிமிடமும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். யார் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை, ஆட்டத்தைப் பார்த்தாள்.

கேமரா விஷயம் பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள். மாதம் ஒரு மனு அவளிடமிருந்து போகிறது. எழுதுவது நான், திருத்துவது அவள். “தாழ்மையுடன்” என்று நான் போட்டால் அடித்துவிடுகிறாள்.

இந்தப் பருவத்துக்கு அட்டையைப் புதுப்பிக்கும் படிவம் போன வாரம் வந்தது. சென்ற பருவத்தில் தண்டனை பெற்றதுண்டா, ஆம் அல்லது இல்லை என்று ஒரு கட்டம். ஆம் என்பதைச் சுற்றி வட்டம் போட்டாள். விவரம் எழுத ஒரே ஒரு வரிதான் விட்டிருந்தார்கள். ஒரு ஆட்டம், கார்னருக்காக என்று எழுதினாள். இடம் மிச்சம் இருந்தது. ஆஃப்சைடுக்காக அல்ல என்று சேர்த்து, அதன் கீழே அழுத்தமாக ஒரு கோடு இழுத்துவிட்டு என்னிடம் தந்தாள், கொண்டுபோய்ப் பதிவுத் தபாலில் சேர்க்கச் சொல்லி.