கயிறு பிடித்தவர் பெயர்

தாராவியில் தோல் பட்டறைக்கு எதிரே, பெரிய சாக்கடை ஓரத்துச் சாலையில் ஒரு கல் நட்டிருந்தார்கள். முழங்கால் உயரம். '1962 மழைவெள்ளத்தில் இவ்விடத்தில் இரு குழந்தைகளைக் காத்தவர் ஞானராஜ்' என்று வெட்டியிருந்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அய்யாத்துரை அதைப் படித்தார். படிக்காமல் கடந்துபோக முயன்ற நாட்களும் உண்டு. கண் கேட்கவில்லை.

குழந்தைகள் பட்டறையில் கூட வேலை செய்த ஜமாலுடையவை. ஞானராஜ் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வெள்ளத்தில் இறங்கினான். கரையில் நின்று கயிற்றைப் பிடித்தவர் அய்யாத்துரை. உள்ளங்கை இரண்டும் உரிந்துபோயின. அந்தக் கையைப் பட்டறைச் சுண்ணாம்புத் தொட்டிக்குள் விட முடியாமல் ஒரு மாதம் கூலியில்லாமல் வீட்டில் கிடந்தார். அவர் விட்டிருந்தால் ஞானராஜ் மாஹிம் கடலோரத்தில் பிணமாகத்தான் கரை ஒதுங்கியிருப்பான்.

கல் நட்ட அன்று ஊர்ச் சங்கச் செயலாளர் கணேசபாண்டியனிடம் கேட்டே விட்டார்.

"கயித்தப் புடிச்சவன் பேரு எங்கவே?"

"ஒம்ம பேரப் போட்டா கயிறு திரிச்சவன் பேரையும்லா போடணும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாலையும் கழுத்துமாக நின்ற ஞானராஜும் சிரித்தான். அதை அய்யாத்துரை மறக்கவில்லை. அவன் தேநீர் வாங்கிக் கொடுத்தால் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அவனுக்குப் பையன் பிறந்தபோது, போய்ப் பார்க்காமல் இருக்க ஒரு காய்ச்சலை வரவழைத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் திருநெல்வேலிப் பக்கமிருந்து புதிதாகச் சில குடும்பங்கள் வந்து சாலைக்கு அந்தப் பக்கம் குடிசை போட்டன. சாலையோரம் தனியாக ஒரு கல், அதில் ஓர் ஆண்பிள்ளை பெயர். யாரிடமோ கேட்டதில், வெள்ளத்தில் பிள்ளைகளைக் காத்தவன் என்று தெரிந்தது. காத்துவிட்டுச் செத்திருக்கிறான் என்று மீதியை அந்தப் பெண்களே முடித்துக்கொண்டார்கள். அவர்கள் ஊரில் உயிரோடு இருப்பவனுக்கு யாரும் கல் நடுவதில்லை. மஞ்சள் பூசினார்கள். வெள்ளிக்கிழமைதோறும் சூடம் எரிந்தது.

அய்யாத்துரைக்குத் தூக்கம் போயிற்று. பெயர் மட்டும் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம். இப்போது செவ்வரளி மாலை வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானராஜ் வீட்டுக்கே வந்தான்.

"அண்ணாச்சி, மானம் போவுது. எனக்குச் சூடம் கொளுத்துததை நிறுத்துத வரைக்கும் சர்ச்சுல திருவிருந்து கெடையாதுன்னு சபை ஐயர் சொல்லிட்டாரு. அந்தப் பொம்பளையள்ல ரெண்டு பேருகிட்ட அது நாந்தான்னு சொன்னா, சாமியைப் பழிக்கான்னு தொடப்பத்தத் தூக்குதாளுவ."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"என் பேரக் கொத்தி எடுத்துட்டு ஒங்க பேரப் போடச் சொல்லிட்டேன். சங்கத்துல சரின்னுட்டாவ. நீங்க சரின்னா போதும்."

எத்தனையோ இரவுகள் அவர் வேண்டிக் கேட்டது, கேட்காத இடத்திலிருந்து வந்து நின்றது. தனக்கு வேண்டாம் என்று அவன் தள்ளிவிட்டதுதான் தனக்கு வருகிறது என்பது உறைத்தது. உறைத்தும் ஆசை அடங்கவில்லை.

அடுப்படியிலிருந்து மனைவி இசக்கியம்மாள் வந்தாள்.

"உசுரோட இருக்க மனுசனுக்குச் சூடமா? நான் பொட்டு வச்சுக்கிட்டு அதப் பாத்துக்கிட்டு இருக்கணுமாக்கும்?"

"இவன் பொண்டாட்டி பாத்துக்கிட்டுத்தான இருந்தா?"

"அவ வேதக்காரி. அவளுக்கு இதெல்லாம் கணக்குல வராது. எனக்கு வரும்."

"வெட்டச் சொல்லு," என்றார் அய்யாத்துரை, ஞானராஜைப் பார்க்காமல். இசக்கியம்மாள் சோறு போட்டாள். குழம்பை அவரே ஊற்றிக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் பழைய பெயரைக் கொத்தி எடுத்து, அந்தப் பள்ளத்தில் புதுப்பெயரை வெட்டினார்கள். வெள்ளிக்கிழமை அய்யாத்துரை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய்க் கல்லுக்குப் பக்கத்தில் நின்றார். பெண்கள் வந்தார்கள். மஞ்சள், பூ, சூடம். கூட்டம் கலைந்த பிறகு மூத்தவள் ஒருத்தி அவரிடம் திருநீற்றுத் தட்டை நீட்டினாள்.

"எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. ஞானராச சாமி கைவிடாது."

"அதுல என்ன பேரு போட்டிருக்குன்னு தெரியுமா?"

"சாமி பேருதான்."

"அய்யாத்துரைன்னுலா போட்டிருக்கு!"

அவள் கல்லை ஒரு தடவை பார்த்தாள்.

"அது உபயம் குடுத்தவுக பேரா இருக்கும்."

அப்போது ஞானராஜ் சைக்கிளில் அந்த வழியாக வந்தான். கல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"சௌக்கியமா அண்ணாச்சி?" என்று கையைத் தூக்கிவிட்டுப் போனான்.

"யாரு அது? ஒங்களுக்குத் தெரிஞ்சவுகளா?" என்று கேட்டாள் அவள்.

அய்யாத்துரை திருநீற்றை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார்.

"தெரியாது. யாரோ வழியில போறவன்."