திருவடி வரும் மொட்டைமாடி

தைப்பிங்கில் இருக்கும் தோழிகள் உங்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். இங்கே ஸ்ரீரங்கத்தில், சித்திரை மாதத்து மத்தியானம் மொட்டைமாடிக் குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது. யாரும் காய்ச்சவில்லை, தொட்டியில் கிடந்தே காய்ந்த தண்ணீர். வந்த புதிதில் அதைத்தான் மிளகாய்ச் செடிக்கு ஊற்றினேன். செடி அவிந்தே போய்விட்டது. அங்கே நாம் எந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினோம்? சாயங்காலம் ஆனால் மழை வந்து ஊற்றிவிட்டுப் போகும். தின்று துப்பிய பப்பாளி விதைகூட வேலியோரம் மரமாகி நிற்கும். செடி வளர்க்கத் தெரிந்தவள் என்று இத்தனை வருஷம் நான் பீற்றிக்கொண்டதெல்லாம் அந்த மழையின் வேலை.

என் கணவருக்கு இது சொந்த ஊர். மலேசியாவில் வேலை பார்த்து, ஓய்வு பெற்றதும் ஊருக்கு வந்துவிட்டார். அவர் திரும்பி வந்தார். நான் குடிபெயர்ந்து வந்தேன். கொள்ளுத்தாத்தா கப்பலேறிய மண்ணுக்கே போகிறாய் என்று நீங்கள்தான் சிரித்துச் சிரித்து வழியனுப்பினீர்கள். மண் சரி, மனிதர்களோடு பேச வேண்டாமா? "எங்க கம்பத்துல வீட்டச் சுத்தித் தோட்டம்தான்" என்று பக்கத்து வீட்டு மாமியிடம் சொன்னேன். நமக்குக் கம்பம் என்றால் கிராமம். மாமி முகம் மலர்ந்து, "கம்பமா? தேனிப் பக்கம்னா அது? திராட்சைத் தோட்டமா வெச்சிருந்தேள்?" என்றார். விளக்க ஆரம்பித்துப் பாதியில் அலுத்துப்போய்த் தலையாட்டிவிட்டேன். இன்றுவரை மாமி கணக்கில் நான் தேனியிலிருந்து மலேசியா போய் வந்தவள். ஆனாலும் இந்த ஊரில் எனக்கு வாய்த்த ஒரே பேச்சுத்துணை அவர்தான். இரண்டு மாடிக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர்; துணி காயப்போடும் சாக்கில் அங்கே நின்றுதான் பேசுவோம்.

மிளகாய் போனது, சோற்றுக்கு வாசனை போடும் பண்டான் இலைச் செடி போனது. தங்கை கொடுத்தனுப்பிய கச்சாங் போத்தோல் விதை மட்டும் மிஞ்சியது. இங்கே அதைச் சிறகவரை என்கிறார்கள்; தெரிந்தவர்களே குறைவு. அந்தக் காயைப் பச்சையாக நறுக்கிச் இறால் விழுதும் மிளகாயும் இடித்த சம்பல் பிளாச்சானில் தொட்டுத் தின்ன நாக்கு செத்துக் கிடந்தது. ஆடியில் விதையை ஊன்றினேன். அதன் பிறகு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்பேன், எழுந்தால் மாடிப்படி ஏறுவேன். "இந்தக் கொடியும் போச்சுன்னா நானும் போறேன்" என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மார்கழியில் காய் தொங்கியது. மறுநாள் பறிக்கலாம் என்றிருந்தேன். அன்று காலை அடுப்படியில் நிற்கும்போது மாடியிலிருந்து மாமி குரல் கொடுத்தார்: "திருவடி வந்திருக்கார், பாருங்கோ." மடத்துச் சாமி யாரோ வந்திருக்கிறார் போல என்று சேலையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு ஓடி, கதவைத் திறந்து கைகூப்பி நின்றேன். தெருவில் ஒரு மாடுதான் நின்றது. மேலே போய்ப் பார்த்தால் குரங்குக் கூட்டம். மாமி சுவரில் வைத்த வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு என் பந்தலில் ஏறி, ஒரு காயை ஒரு கடி கடித்துப் போட்டுவிட்டு அடுத்ததைப் பறிக்கின்றன. இந்த ஊர் வைஷ்ணவர்கள் அனுமாரைத் திருவடி என்பார்களாம். குரங்குக்கும் மாமி அதே மரியாதை கொடுப்பாராம். எனக்கு யார் சொன்னார்கள்?

"பழம் வச்சுக் கூப்பிட்டதே நீங்கதானே மாமி?" என்று கத்தினேன்.

"வாயில்லா ஜீவன்மா. ரெண்டு காய்தானே?"

"இந்த ரெண்டு காய்க்காகத்தான் மாமி நான் இந்த ஊர்லயே இருக்கேன்."

மாமி விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார். சாப்பிடும்போது கணவர் மெதுவாக, "டிக்கெட் பாக்கட்டுமா?" என்றார். "பாருங்க" என்றேன். அழுகையாக வந்தது. காய்க்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு சுவர்ப் பக்கம் பேச்சே இல்லை. மாமி பழம் வைப்பதை நிறுத்திவிட்டார். குரங்குகள் வருவதை நிறுத்தவில்லை. நேராக என் மாடிக்கே வந்தன, அதுவும் சத்தமில்லாமல். வந்திருக்கிறார் என்று சொல்லத்தான் ஆளில்லை. மாமி அன்று கூப்பிட்டது குரங்குகளை மட்டுமல்ல, உஷாராக இருக்கட்டும் என்று என்னையும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. குரங்குகள் பிய்த்துப்போட்ட கொடி வேரிலிருந்து மறுபடி துளிர்த்திருந்தது. அதைக் காப்பாற்ற மாமி வேண்டும். மாமி இல்லாமல் எனக்கும் பொழுது போகவில்லை, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். முசிறிப் பூவன் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு போனேன்.

"இத உங்க பக்கத்துக் கடைசிச் சுவர்ல வைங்க மாமி. என் பக்கம் வந்தா கூப்பிடுங்க, நான் கம்போட வரேன்."

மாமி சீப்பை வாங்கிக்கொண்டு, "கம்பத்துக்காரியோன்னோ, அதான் கம்போட வரேள்" என்றார். சிரித்துவிட்டேன். கணவர் டிக்கெட்டைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இன்று காலை மாமிக்கு முழங்கால் வலி, படியேற முடியவில்லை. கீழேயிருந்தே, "இன்னிக்கு நீங்களே திருவடிக்கு ஒரு பழம் வெச்சுடுங்கோ" என்றார். ஒரு கையில் பழமும் மறு கையில் கம்புமாக மேலே போனேன். வயிற்றில் குட்டி தொங்க ஒரு தாய்க்குரங்கு சுவரில் உட்கார்ந்திருந்தது. என் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தது. எந்தக் கையை நீட்டுவது என்று தெரியாமல் நானும் பார்த்துக்கொண்டே நின்றேன்.