சகலையின் கைராசியும் புல் வெட்டும் மெஷினும்

இறுக்கி மாமாவுக்கு அந்தப் பெயரை வைத்தது அவருடைய மாமியார்தான். மகள் வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள், சர்க்கரை டப்பாவைத் திறக்க முடியாமல் கசப்புக் காபியைக் குடித்துவிட்டு, "உன் வீட்டுக்காரர் மூடுறாரா, இல்ல பூட்டுறாராடி?" என்று கேட்டார். மாமா மூடிய எதையும் திறக்க, அந்த அம்மாளின் தம்பி மகன் மாடியிலிருந்து இறங்கி வரவேண்டும். அவன் மூட்டை தூக்குகிறவன். அவனே சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் திறப்பான். குழாயோ திருகாணியோ பேனா மூடியோ, எல்லாவற்றிற்கும் மாமா கடைசியில் ஒரு திருகு அதிகமாகக் கொடுப்பார். எதுவும் ஒரு சொட்டு வீணாகக் கூடாது என்பது அவர் கட்சி.

இருபத்திரண்டு வருஷமாக அவர் ஓர் ஆஸ்பத்திரியில் தோட்டக்காரர். வாசலிலிருந்து மருந்துக் கவுண்டர் வரைக்கும் உள்ள புல்வெளி அவர் பொறுப்பு. கையால் தள்ளிக்கொண்டு போகும் பெட்ரோல் மெஷின் ஒன்று கொடுத்திருந்தார்கள். சொன்ன பேச்சைக் கேட்கிற மெஷின். அதற்கு ஒரு திங்கட்கிழமை புத்தி மாறியது.

கால் மணி நேரம் ஒழுங்காக ஓடியது. பிறகு மூச்சு வாங்கியது. ஏறியது, இறங்கியது, இரண்டு தரம் இருமியது, நின்றது. மாமா கயிற்றை இழுத்தார். மறுபடி இழுத்தார். நாற்பது தரம் இழுத்ததில் தோள்தான் கழன்றது, மெஷின் அசையவில்லை.

ஆஸ்பத்திரி மாடி ஜன்னலில் காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். பொழுது போகாத ஆள்.

"தோட்டக்காரரே, அதுக்கும் ஒரு பெட் போட்டுக் குடுங்க. என் பக்கத்துல காலியாத்தான் இருக்கு."

மாமா குனிந்தார். மெஷினை ஆட்டிப் பார்த்தார். உள்ளே பெட்ரோல் சளசளவென்றது. பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க அவர் மூடியைத் திறக்கவே மாட்டார். ஆட்டிக் காதால்தான் பார்ப்பார். பிளக்கைக் கழற்றித் துடைத்தார். காற்று வடிகட்டுகிற பஞ்சைச் சோப்புப் போட்டு அலசினார். மறுநாள் காலை ஷெட்டில் பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதுசு ஊற்றினார். ஓடியது. மாமா விசிலடித்தபடி புல்வெளிக்குத் தள்ளிக்கொண்டு போய் வெட்டினார். கால் மணி கழித்து, விசில் பாதியில் இருக்கும்போது நின்றது.

அந்த நேரம் பார்த்து அவருடைய சகலை வந்து சேர்ந்தார். மாமாவின் மனைவிக்குத் தங்கை ஒருத்தி, அவள் புருஷன். கம்பெனி வேன் ஓட்டியவர். கம்பெனி வேனை விற்றுவிட்டதால் மூன்று மாதமாகச் சும்மா இருந்தார். சும்மா இருந்ததில் உலகத்தில் எல்லா வேலையும் தெரிந்துவிட்டது அவருக்கு.

"என்ன சகல, மக்கர் பண்ணுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சூடாயிருச்சு."

"நகருங்க."

சகலை தொண்டையைச் செருமினார். சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்தார். "எங்க, பாப்போம்" என்றார். டாங்க் மூடியில் கை வைத்து, "இத என்ன சிமெண்ட் வச்சா மூடுனீங்க?" என்று முக்கித் திறந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். "ம்" என்றார். மூடினார். மெஷின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, கயிற்றை ஒரே ஓர் இழுப்பு இழுத்தார். தடதடவென்று ஓடியது.

மாடியில் கைதட்டினார்கள். மாவுக்கட்டு, "கைராசிங்க" என்று கூவினார்.

புதன்கிழமையும் இதே கதை, வியாழக்கிழமையும் இதே கதை. வியாழக்கிழமை இதை ஆஸ்பத்திரி மேனேஜர் அம்மாள் நின்று பார்த்தார்.

"உங்க கைக்குக் கேக்காதது அவர் கைக்குக் கேக்குதே. நாளைக்குப் பெரிய டாக்டர் வர்றாரு. பன்னிரண்டு மணிக்குள்ள வாசல் புல் முடியணும். முடியலேன்னா திங்கட்கிழமையிலிருந்து அவரையே வரச் சொல்லிடலாம். உங்களுக்கு ஸ்டோர்ல எதாவது பாக்கலாம்."

ஸ்டோரில் எல்லாம் ஏற்கனவே மூடியேதான் இருக்கும். மாமாவுக்கு அங்கே என்ன வேலை?

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். மனைவி கேட்டாள்: "நாளைக்கும் அவரையே கூப்பிட்டுக்கிட்டா என்னங்க?"

"உன் தங்கச்சி போன் பண்ணினாளா?"

"பண்ணினா. 'அவரு நாளைக்கு வரமாட்டாரு, ஆஸ்பத்திரியிலேருந்தே கூப்பிடட்டும்'னு சொன்னா. புதுச் சட்டைக்கு இஸ்திரி போடுறாளாம்."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, புல்வெளிக்கு நடு மத்தியில் மெஷின் நின்றது. மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். கைராசி என்றால் கையில் இருக்க வேண்டும். கையை வெட்டி வாங்க முடியாது. ஆனால் சகலை செய்ததை அப்படியே செய்து பார்க்கலாம் அல்லவா. மாமா தொண்டையைச் செருமினார். சட்டைக் கையை மடித்தார். "எங்க, பாப்போம்" என்று சகலையின் குரலிலேயே சொன்னார். மூடியைத் திறந்தார். 'உஸ்' என்று ஒரு சத்தம். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், "ம்" என்றார், மூடினார், தட்டினார், இழுத்தார்.

ஓடியது.

மாமாவுக்குப் புல்லரித்தது. ஆனால் இருபத்திரண்டு வருஷ வேலைக்காரர், சும்மா விடுவாரா? அடுத்த தரம் நின்றபோது தொண்டையைச் செருமாமல் மற்றதெல்லாம் செய்தார். ஓடியது. அப்போ செருமல் இல்லை. அடுத்த தரம் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு செய்தார். ஓடியது. அதற்கடுத்து, "எங்க, பாப்போம்" என்பதை மட்டும் விட்டார். ஓடியது.

"என்ன தோட்டக்காரரே, மந்திரம் குறையுதே?" என்றார் மாவுக்கட்டு.

பத்தேமுக்காலுக்கு நின்றபோது எல்லாவற்றையும் செய்தார், மூடியை மட்டும் திறக்கவில்லை. இருபது இழுப்பு. ஒன்றும் நடக்கவில்லை. திறந்தார். உஸ். மூடினார். ஒரே இழுப்பு. ஓடியது.

மாமா மெஷினை அணைத்துவிட்டுப் புல்லிலேயே உட்கார்ந்தார். மூடியைத் தலைகீழாகத் திருப்பினார். உள்ளே வட்டமாக ஒரு ரப்பர், சைக்கிள் டியூபில் வெட்டியது, பசை போட்டு ஒட்டியது. சரிவில் திருப்பும்போது ஒரு சொட்டுப் பெட்ரோல் சிந்துகிறதே என்று போன ஞாயிற்றுக்கிழமை அவரே வெட்டி, அவரே ஒட்டியது. நகத்தால் உரித்தார். அடியில் மூடியில் ஊசி முனை அளவு ஓர் ஓட்டை. பெட்ரோல் குறையக் குறையக் காற்று உள்ளே போகிற வழி அது. அதைத்தான் அடைத்து வைத்திருந்தார்.

நிமிர்ந்தால் மேனேஜர் அம்மாள்.

"என்னவாம்? உங்க சகலைக்குப் போன் பண்ணட்டுமா?"

ரப்பரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். மெஷின் இனி ஓடத்தான் போகிறது. ஆனால் கைராசி சகலையிடமே இருந்துவிடும். அடுத்த தடவை மெஷின் ஒரு தும்மல் போட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மாமா ரப்பரை நீட்டினார்.

"இத நான்தான் வச்சேன் மேடம். பெட்ரோல் வீணாகக் கூடாதுன்னு. அது மூச்சுவிட ஓட்டை வச்சிருக்காங்க, நான் அடைச்சுட்டேன். சகலை பெட்ரோல் பாக்க மூடியைத் திறப்பாரு, காத்து உள்ள போகும். வேற ஒண்ணுமில்ல."

"அப்ப நாலு நாளா மூக்கைப் பொத்திட்டு ஓடு ஓடுன்னு நீங்களேதான் அடிச்சிருக்கீங்க."

"ஆமா மேடம்."

அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. "மணி பதினொண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். போகிற வழியில் நர்ஸ் ஒருத்தியிடம் சொன்னார் போல. கொஞ்ச நேரத்தில் கட்டிடமே சிரித்தது. சிரிக்கட்டும். மெஷின் கால் மணி தாண்டியது, அரை மணி தாண்டியது, இருமவே இல்லை.

பதினொன்றே முக்காலுக்குச் சகலை வந்தார். போன் வரும் வரும் என்று பொறுத்துப் பார்த்து, தாங்க முடியாமல் கிளம்பியிருக்கிறார். இஸ்திரிச் சட்டை, தலையில் எண்ணெய். புல்வெளியின் கடைசி ஓரத்தில் போய் நின்றுகொண்டு சட்டைக் கையை மடித்தார்.

"சகல, இன்னும் நிக்கலயா?"

"இல்ல சகல."

"நிக்கும் நிக்கும். நான் இங்கயேதான் இருக்கேன்."

மாமா ஒரு வரிசை போனார், திரும்பி வந்தார். இன்னொரு வரிசை போனார், திரும்பி வந்தார். சகலை தொண்டையைச் செருமிக்கொண்டே காத்திருந்தார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, அத்தனை பெரிய புல்வெளியில் இரண்டு செருப்பளவு புல்தான் பாக்கி. அது சகலையின் காலடியில் இருந்தது.

"சகல," என்றார் மாமா, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெட்டணும்."