அகப்பைக் காம்பு வைத்த யன்னல்

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆரம்ப வருடங்களில் குளிர்நாட்டுப் புறநகரான கர்க்லாண்டில் நாங்கள் வாங்கிய வீடு, எங்களை விட வயதானது. அதற்கு ஹீற் பம்ப் பொருந்துமா என்று பார்க்க வந்தவர், எங்கள் மாதா கோயிலுக்கு வரும் ஒரு மன்னார்க்காரர். வெளிக்குளிரில் மிச்சமிருக்கும் வெப்பத்தையும் உறிஞ்சி வீட்டுக்குள் தள்ளும் அந்த இயந்திரத்தைப் பூட்டும் வேலையை அவர் அப்போதுதான் சொந்தமாகத் தொடங்கியிருந்தார்.

இரண்டு மணி நேரம் பார்த்தார். கூரைக்குள் ஏறினார். யன்னல் விளிம்புகளைக் கையால் தடவிக் காற்று வருகிறதா என்று பார்த்தார். பழைய வீடுதான், ஆனால் சூடு வெளியே போகாவிட்டால் பொருந்தும் என்றார். பிறகு என் மனைவியிடம் கேட்டார்.

“அக்கா, விண்டருக்குள்ளை சமைக்கேக்கை யன்னல் திறந்து வைப்பியளோ? சொன்னியள் எண்டால் அதுக்கேத்த மாதிரிச் செய்வன்.”

மனைவி வாயைத் திறக்க முன் நான் முந்திக்கொண்டேன். “சீச்சீ, எங்கடை வீட்டிலை அப்பிடி ஒண்டும் இல்லை.”

பச்சைப் பொய். வேலையிடத்தில் ஒருத்தி என் கோட்டில் ஒட்டியிருந்த சமையல் மணம் பிடிக்காமல் தன் கோட்டை வேறு கொளுக்கிக்கு மாற்றிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. மீன் பொரியலும் தாளிதமும் வீட்டின் கீழ்த்தளமான பேஸ்மென்ற் அடுப்பில் மட்டும்தான். அங்கே யன்னலுக்கு ஓர் அகப்பைக் காம்பை முட்டுக்கொடுத்து, எந்தக் குளிரிலும் காலை தொடங்கிப் பின்னேரம் வரை திறந்து வைப்போம். சட்டம் போட்டவன் நான். அதே மணத்தில் வளர்ந்த ஒருவரிடம்கூட அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது.

தை மாதம், அவர் பூட்டிவிட்டுப் போன இயந்திரம் ஓய்வில்லாமல் ஓடியது. வீடு சூடாகவில்லை. பிள்ளைகள் கம்பளிச் சட்டையோடு சாப்பிட்டார்கள். அந்த யன்னல் என் நினைவுக்கு வரவேயில்லை என்று எழுதத்தான் ஆசை. வந்தது. வந்தும், பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணீர் குடிக்கும்போது, “அந்தாளுக்கு வேலை தெரியாது” என்று வாய் கூசாமல் சொன்னேன். அவரிடம் வேலை கொடுக்கவிருந்த இரண்டு குடும்பங்கள் பின்வாங்கின.

கேள்விப்பட்டு அவரே வந்தார். முகத்தில் கோபமில்லை. பிழை தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்து மேல்வீட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு இறங்கியவர், பேஸ்மென்றில் அந்தக் காம்பைக் கண்டார். அதை எடுத்து என் கையில் தந்துவிட்டு யன்னலைச் சாத்தினார். பின்னேரத்துக்குள் வீடு சூடாகிவிட்டது.

“அண்ணை, ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். அடுப்புக்கு மேலை புகை இழுக்கிற ஃபான் ஒண்டு பூட்டியிருப்பன்,” என்றார். “பரவாயில்லை. அந்த ரெண்டு வீட்டுக்காரரோடையும் ஒருக்காக் கதைச்சு விடுங்கோ. இந்த விண்டருக்கு எனக்கு வேறை வேலை இல்லை.”

“ஓம் தம்பி, ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் கதைக்கிறன்.”

ஞாயிற்றுக்கிழமை நான் தேடிப்போய்க் கதைக்கத் தேவையே இருக்கவில்லை. பின்வாங்கியவர்களில் ஒருவரே மண்டபத்தில் வந்து கேட்டார், “என்ன, இப்ப வீடு சூடோ?” யன்னலைத் திறந்து வைத்தது நாங்கள்தான் என்று ஒரு வரி போதும். சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எனக்கு அந்தக் கொளுக்கி ஞாபகம் வந்தது.

“ஓம், நல்ல சூடு,” என்றேன். “வேறை ஆள் வந்து திருத்தினது.”

கேட்டவரின் கண் என் தோளுக்குப் பின்னால் போனது. திரும்பினேன். மன்னார்க்காரர் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார். கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத் தன் கோட்டை எடுக்கப் போனார்.

அடுத்த கோடைக்குள் அவர் தொழிலை விட்டுவிட்டு, துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றும் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர் பூட்டிய இயந்திரம் ஒரு நாளும் பழுதாகவில்லை. எங்கள் பழைய வீடு எப்படி இவ்வளவு சூடாக இருக்கிறது என்று வருபவர்கள் கேட்பார்கள். அவர் தொழிலை விட்ட பிறகுதான் நான் அவர் பெயரைச் சொல்லத் தொடங்கினேன்.