தம்பியின் தோளும் அம்மாவின் குதிக்காலும்

என் தம்பிக்குப் பரு முகத்தில் வரவில்லை, தோளில் வந்தது. வேறு ஊரென்றால் அது ஒரு கதையே இல்லை, சேட்டுப் போட்டால் மறைந்துவிடும். யுத்த காலத்துத் திருகோணமலையில் இருபது வயதுப் பொடியனுக்கு அப்படி மறைக்க முடியாது. இயக்கத்தில் துவக்குச் சுமந்த தோளில் அடையாளம் இருக்கும் என்று சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் சேட்டைக் கழற்றச் சொல்லிப் பார்ப்பார்கள். இவனுக்கோ இரண்டு தோளிலும் பரு ஆறிய இடமெல்லாம் தடித்துச் சிவந்து கிடந்தது.

உப்புவெளியிலிருந்து சைக்கிளில் நகரத்துக்குப் போய் ஒரு ரேடியோக் கடையில் வேலை செய்தான். வழியில் ஒரு சாவடி. ஒருநாள் காலையில் அங்கே மறித்தவர்கள் பின்னேரம் வரை விடவில்லை. அம்மா தெருவோரத்தில் வெயிலுக்குள் குந்தியிருந்தார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், தொடவில்லை. விட்ட பிறகு அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்களோடு நடந்து வந்தான். அன்றிலிருந்து சாவடி கண்ணில் பட்டதும் தானாகவே சேட்டின் மேல் பொத்தான் மூன்றையும் கழற்றிவிடுவான். கடையால் வரும்போதும் அப்படித்தான், மறுபடி பூட்ட மனமில்லாமல் திறந்த நெஞ்சோடே வீட்டுக்கு வருவான்.

நான் அப்போது ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்கில் பதிவு எழுதுகிறவள். எங்கள் டொக்டர் ஒரு பெண். பருத் தழும்புக்கு ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஒரே ஆளின் வலது பக்கத்துக்கு ஒரு கிறீம், இடது பக்கத்துக்கு இன்னொரு கிறீம். ஒன்றில் மருந்து இருக்கும், மற்றது வெறும் கிறீம். எதில் எது என்று பூசுகிறவருக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது. அந்த விவரம் கொழும்பில் ஒட்டிய உறைக்குள் இருந்தது. "தெரிஞ்சா கண் தனக்குப் பிடிச்சதைத்தான் பாக்கும்" என்பார். ரியூப்களில் 'வலது', 'இடது' என்று எழுதி ஒட்டியது நான்தான்.

டொக்டரிடம் கெஞ்சித் தம்பியையும் சேர்த்தேன். சேர்ந்தவர்களுக்கு ஓர் அட்டை கொடுப்போம். அதில் அவர்களின் தழும்புப் படம், இது பருத் தழும்பு என்று மூன்று மொழியிலும் ஒரு வரி, டொக்டரின் கையெழுத்து, முத்திரை. அடுத்த நாளே தம்பி அதைச் சாவடியில் நீட்டினான். ஆமிக்காரன் படத்தைப் பார்த்தான், தோளைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான், போகச் சொன்னான். அவ்வளவுதான்! அம்மா தினமும் அந்த அட்டையைச் சாமிப் படத்தடியில் வைத்து எடுத்துத்தான் அவனிடம் கொடுப்பார்.

மூன்று மாதம் போனது. மற்றவர்களுக்கு ஏதாவது ஒரு பக்கம் கொஞ்சமாவது தணிந்தது. தம்பிக்கு இரண்டு தோளும் வந்த நாள் மாதிரியே இருந்தன. டொக்டர் கவலைப்பட்டார்.

"தம்பி ஒழுங்காப் பூசுறாரோ?"

"ஓம் டொக்டர், ரியூப் வெறுமையாத்தானே திரும்பி வருது" என்று நான் அடித்துச் சொன்னேன். அந்த அளவுக்கு அவனை நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா குசினியில் திருவலையில் குந்தியிருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நீட்டிய கால்களைத் தற்செயலாகப் பார்த்தேன். அம்மாவின் குதிக்கால் இரண்டும் எந்தக் காலத்திலும் வெடித்துப் பாளம் பாளமாகத்தான் இருக்கும். இப்போது இடது கால் அப்படியே இருக்க, வலது கால் மட்டும் வழுவழுவென்று இருந்தது.

"என்னம்மா இது?"

"தம்பி தந்த மருந்து, பிள்ளை. வலது எண்டு எழுதினதை வலது காலுக்கும் இடது எண்டதை இடது காலுக்கும் பூசுறன். ஒருநாளும் மாத்திப் பூசேல்லை" என்றார் பெருமையாக.

அட கடவுளே! முற்றத்துக்கு ஓடினேன். அவன் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"டேய், உனக்கு மூளை கழண்டுபோச்சோ? ஊரெல்லாம் அந்த மருந்துக்குத் தவம் கிடக்குது, நீ அம்மாவின்ரை காலுக்குக் குடுத்திருக்கிறாய்!"

அவன் நிமிரவில்லை. "அக்கா, தோள் மாறினா படத்தோடை ஒத்து வராது. இது உன்ரை படமில்லை எண்டு பிடிச்சு வைச்சா நான் என்ன செய்யிறது? அம்மா திரும்பவும் வெயிலுக்கை வந்து இருப்பா. எனக்கு இந்தத் தழும்பு வேணும்."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டு அழுதேன்.

திங்கட்கிழமை டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். அம்மாவின் காலைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் அவர் காதைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, எந்தக் கால் எண்டு மட்டும் எனக்குச் சொல்லாதேங்கோ!" என்று சிரித்தார். தம்பி ஏன் பூசவில்லை என்று சொன்னபோது சிரிப்பு நின்றது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இது எனக்குத் தோணவே இல்லையே" என்றார். பிறகு, "பூசேல்லை, காரணம் பயம் எண்டு உள்ளபடி எழுதுங்கோ. இனி அவரை ஆராய்ச்சியிலை வைச்சிருக்க ஏலாது. ஆனா கிளினிக் மருந்து நான் தாறன், அதை அவர் பூச வேணும். மாதா மாதம் படம் எடுத்துப் பழைய படத்துக்குப் பக்கத்திலை ஒட்டுவம். தோள் மாறினா அட்டையும் மாறும்."

அப்படியே செய்தோம். அட்டையோடு அட்டை ஒட்டி அது மடித்து விரிக்கிற பஞ்சாங்கம் மாதிரி நீண்டது. ஒவ்வொரு படத்துக்கும் திகதி, முத்திரை. சாவடியில் அப்போது நின்ற ஆமிக்காரன் தம்பி வயதுக்காரன், அவனுக்கும் முகம் நிறையப் பரு. ஒவ்வொரு மாதமும் புதுப் படம் வந்ததா என்று விரித்துப் பார்ப்பானாம். "மருந்து என்ன?" என்று ஒருநாள் கேட்டானாம். தம்பி கிளினிக் நாளைச் சொல்லிவிட்டு வந்தான்.

எட்டாவது படம் ஒட்டிய கிழமை, தம்பி வழக்கம்போலச் சேட்டைத் திறந்துகொண்டு போய் அட்டையை நீட்டினான். அந்த ஆமிக்காரன் அதை வாங்கவில்லை. தன் நெஞ்சைத் தொட்டு, பொத்தானைப் பூட்டு என்று கையால் காட்டினானாம். அவன் மாற்றலாகிப் போன பிறகு வந்தவன் பழையபடி கழற்றச் சொன்னான், அது உண்மை. ஆனால் பூட்டச் சொன்ன அன்றைக்குப் பின்னேரம் தம்பி மேல் பொத்தான் மூன்றும் பூட்டியபடி வீட்டுக்கு வந்தான். அம்மா வாசல் படலையடியில் நின்று ஒவ்வொரு பொத்தானையும் தொட்டுப் பார்த்தார்.