கோப்பின் மேல் உட்கார்ந்தவன்

1927 நவம்பர் 14, திங்கட்கிழமை, மாலை நாலேகால், கனமழை. பினாங்கு ஸ்திரீட் ஆபீசிலிருந்து துறைமுகக் கிட்டங்கி ஆபீசுக்குக் கப்பல் சரக்குக் கோப்பை ரிக்‌ஷாவில் கொண்டுபோனேன். நனைந்துவிடுமோ என்று பயந்து அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன். இறங்கிக் குடையை விரித்த அவசரத்தில் கோப்பை மறந்தேன். ரிக்‌ஷா போய்விட்டது.

அது இல்லாமல் ஒரு மூட்டை அரிசியும் இறங்காது.

"முதலாளி காதுக்குப் போனா உன் வேலை போச்சு லா, தம்பி," என்றார் கிட்டங்கிக் கணக்கர்.

ஒவ்வொரு ரிக்‌ஷாவாக எட்டிப்பார்த்தபடி முதல் ஆபீசுக்கே ஓடினேன். வாசலில் அந்தச் சீன ரிக்‌ஷாக்காரர், கோப்பைத் தன் சட்டையில் சுற்றிப் பிடித்தபடி, வெற்றுடம்போடு நின்றார்.

"ஏறின இடத்துக்குத்தானே தேடி வருவீங்க," என்றார் மலாயில்.

நூறு காசு பெறும் ஒரு வெள்ளியை நீட்டினேன். திரும்பி வந்த கூலி போதும் என்றார். ரிக்‌ஷாக்காரர்களிடம் பேரம் பேசாமல் நான் ஏறியதே கிடையாது. அன்று கேட்டபடியே கொடுத்தேன், பத்துக் காசு.